கோட்டைச் சாவி: போர்க்காலச் சிறுகதையில் காட்சியும் முரணும்

போர் நிகழும் காலத்தில் கதைக்குப் பஞ்சமில்லை என்று பொதுவாக எண்ணப்படுகிறது. குண்டு விழுகிறது, வீடு இடிகிறது, தாய் அழுகிறாள், பிள்ளை மடிகிறது. இவற்றுள் எதை எடுத்து எழுதினாலும் படிப்போர் உள்ளம் உருகும் என்று எழுத வருவோர் நம்புகின்றனர். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் இளைஞர்கள், குறிப்பாக லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களின் மாணவர்கள், நம்மிடம் படிக்கத் தரும் சிறுகதைகளில் பல போரைப் பற்றியனவாகவே உள்ளன. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவைக் களமாகக் கொண்டவை அவற்றுள் மிகுந்துவிட்டன.

இக்கதைகளின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. துன்புறும் மக்களின்பால் இரக்கம் கொள்வது ஈமானின் அடையாளம். ஆயினும் இவற்றைப் படித்து முடித்த பின்னர் நெஞ்சில் நிற்பது ஒரு மனிதர் அல்லர், ஒரு செய்தி. அச்செய்தியையோ நாம் முன்பே நாளிதழில் படித்திருக்கிறோம். முதற் பத்தியில் விமானம் வருகிறது. நடுவில் குழந்தை இறக்கிறது. இறுதி வரியில் ஒரு முழக்கம் எழுகிறது. பெயர்களை மாற்றிவிட்டால் ஒரு கதையை மற்றொன்றின் இடத்தில் வைத்துவிடலாம். உண்மையான துயரத்தைச் சொல்லும் கதை ஏன் உண்மையற்றதாகத் தோன்றுகிறது?

போரையே கதையின் முரணாகக் கொண்டுவிடுவதுதான் இதற்குக் காரணம் என்பது நமது கருத்து. போர் கதைக்குக் களம். அது முரண் ஆகாது. முரண் என்பது அக்களத்தில் நிற்கும் ஒரு மனிதரின் உள்ளத்தில், அவர் செய்தாக வேண்டிய ஒரு தேர்வில் இருக்கிறது. காட்சிகள் அத்தேர்வை நோக்கி அவரை நெருக்கிச் செல்லுமாறு அமைய வேண்டும். இவ்வளவே நாம் சொல்ல விரும்புவது. இதனை முன்னோர் வழக்கிலிருந்தும், இருபதாம் நூற்றாண்டின் இரண்டு சிறந்த சிறுகதைகளிலிருந்தும், நம் மண்ணில் நிகழ்ந்த ஒரு போரிலிருந்தும் விளக்க முயல்வோம்.

இரண்டு அரபுச் சொற்கள்

அரபு மொழியில் போருக்கு 'ஹர்ப்' என்று பெயர். கதையில் வரும் முரணை அரபுத் திறனாய்வாளர்கள் 'ஹர்ப்' என்று அழைப்பதில்லை. 'ஸிராஃ' என்றே அழைக்கின்றனர். ஸிராஃ என்பது மல்யுத்தத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல். போரில் ஆயிரவர் ஆயிரவரைத் தொலைவிலிருந்து தாக்கலாம். எதிரியின் முகத்தைக் காணாமலே கொல்லலாம். மல்யுத்தமோ இருவர் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொள்ளும் நிலை. ஒருவர் மூச்சு மற்றவர்மேல் படும். விலகிச் செல்ல வழியிராது. கதைக்கு வேண்டியது இந்த நெருக்கமே.

இதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல்லை நபி (ஸல்) அவர்கள் ஆண்டிருக்கிறார்கள். வலிமையாளர் யார் என்பதை விளக்கும் புகழ்பெற்ற நபிமொழியில், பிறரைக் கீழே தள்ளும் மல்லரை விட்டு, சினம் எழும்போது தம்மை அடக்கிக்கொள்பவரையே அவர்கள் வலிமையாளராகக் காட்டுகிறார்கள். மல்யுத்தக் களம் இங்கே மனத்திற்குள் வந்துவிடுகிறது. நல்ல போர்க்கதை செய்வதும் இதுவே: வெளியே நிகழும் போரை ஒரு மனிதரின் உள்ளே நிகழும் ஸிராஃ ஆக மாற்றிக் காட்டுகிறது.

இரண்டாவது சொல் 'மஷ்ஹத்'. காட்சி என்னும் பொருளில் இன்றைய அரபு நாடகத்திலும் கதையிலும் வழங்கும் சொல் இது. இதன் வேர் 'ஷஹித', அதாவது நேரில் இருந்து கண்டார், சாட்சியானார் என்பது. ஷாஹித் என்னும் சாட்சியும், ஷஹீத் என்னும் தியாகியும், ஷஹாதத்தும் இவ்வேரின் கிளைகளே. ஆகவே காட்சி என்பது படிப்பவர் நேரில் நின்று சாட்சியாகும் இடம். சாட்சி சொல்பவர் தம் விருப்பத்தைச் சொல்லக் கூடாது. கண்டதைச் சொல்ல வேண்டும். தமக்கோ தம் உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதியான சாட்சியத்தில் நிலைத்திருக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தில் இறைவன் கட்டளையிடுகிறான். வழக்காடுமன்றத்துக்கு மட்டும் உரிய கட்டளையாக இதனை நாம் கருதவில்லை. எழுதுகோலைப் பிடிப்பவருக்கும் இது உரியது.

பரணியும் படைப்போரும்

அரியலூர் மாவட்டத்தில் வெற்றியையே பெயராகச் சூடிய ஊர்கள் உள்ளன. கங்கைகொண்டசோழபுரம் முதலாம் இராசேந்திரனின் வடநாட்டுப் படையெடுப்பை நினைவூட்டுகிறது. ஜெயங்கொண்டம் என்ற பெயரைக் கேட்டவுடன் கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார் நினைவுக்கு வருகிறார். முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மீது நடத்திய போரைப் பாடுவது அந்நூல்.

பரணியின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். போர் தொடக்கத்தில் வருவதில்லை. கடைதிறப்பு, காடு, கோயில், தேவி, பேய்கள் என்று நூல் மெல்ல நகர்கிறது. பேய்கள் பசியால் வாடுகின்றன, காளியிடம் முறையிடுகின்றன. இவ்வளவும் நடந்த பின்னரே போர் வருகிறது. அதுவும் களத்தைக் கண்டுவந்த ஒரு பேயின் வாய்மொழியாக வருகிறது. பசியை முதலில் காட்டிவிட்டதால் போர் அப்பசிக்கு விடையாகிவிடுகிறது. தேவை முன்னும் நிகழ்ச்சி பின்னுமாக அடுக்கிய இவ்வறிவு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. முதல் வரியிலேயே குண்டு வீசும் நம் இளைஞர்கள் இதனைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் பரணி வென்றவனைப் பாடும் இலக்கியம். தோற்ற கலிங்கத்தாருக்கு அதில் உள்ளம் என்று ஒன்று இல்லை. வென்றவர்க்கும் ஐயம் என்று ஒன்று இல்லை. நம் இஸ்லாமியத் தமிழிலக்கியத்தின் படைப்போர் நூல்களும் இவ்வழியில் வந்தவையே. அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போர் முதலான நூல்கள் மக்கள் கூடிக் கேட்பதற்கு ஏற்ற வீரச்சுவை கொண்டவை. அவற்றின் தமிழ் நம் செல்வம். எனினும் அங்கே நன்மை ஓரணி, தீமை மறு அணி. நடுவில் தடுமாறும் மனிதருக்கு இடமில்லை.

பாடலாகப் பாடும்போது இது குறையாகாது. சிறுகதை இவ்விலக்கணத்தை ஏற்றுக்கொள்ளும்போதுதான் இடர் நேர்கிறது. இன்றைய போர்க்கதைகள் பலவற்றில் முழக்கமாக ஒலிப்பது படைப்போரின் குரலே. மண்ணும் படைக்கலமும் மாறியிருக்கின்றன, அணிவகுப்பு மாறவில்லை.

உஹதின் குன்று

திருக்குர்ஆன் கதைநூல் அன்று. ஆயினும் போரைப் பற்றி அது பேசும் முறை எழுதுவோர்க்குப் பாடமாகத் தக்கது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் நிகழ்ந்த உஹதுப் போரை எடுத்துக்கொள்வோம். அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் ஐம்பது வில்லாளர்கள் குன்றில் நிறுத்தப்பட்டிருந்தனர். எது நேரினும் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் ஆணை. முதலில் வெற்றி முஸ்லிம்களின் பக்கம் சாய்ந்தது. கீழே போர்ப்பொருள்களைச் சேகரிப்போரைக் கண்டதும் குன்றில் கருத்து வேறுபாடு எழுந்தது. போர் முடிந்துவிட்டது என்றனர் பலர். ஆணை முடியவில்லை என்றார் தலைவர். பெரும்பாலோர் இறங்கிவிட்டனர். அப்போது எதிரணியில் இருந்த காலித் இப்னு வலீத் அவ்விடைவெளி வழியே குதிரைப் படையுடன் திரும்பி வந்தார். ஹம்ஸா (ரலி) உள்ளிட்ட எழுபதின்மர் அளவில் அன்று ஷஹீதாயினர்.

ஆலு இம்ரான் அத்தியாயம் இந்நிகழ்ச்சியைப் பேசும்போது எதிரிகளின் கொடுமையைப் பட்டியலிட்டு நின்றுவிடவில்லை. நம்பிக்கையாளர்களுக்குள்ளே எழுந்த பிணக்கையும், விரும்பியதைக் கண்ட பின் நேர்ந்த கீழ்ப்படியாமையையும் வெளிப்படையாகக் கூறுகிறது. பின்னர் மன்னிப்பையும் கூறுகிறது. முரண் சமவெளியில் இல்லை, குன்றின்மேல் இருக்கிறது. இரு படைகளுக்கிடையே இருப்பதைக் காட்டிலும் ஆணைக்கும் ஆசைக்கும் இடையே கூர்மையாக இருக்கிறது. நம் தரப்பின் பிழையைச் சொல்வது நம் தரப்பைக் காட்டிக்கொடுப்பதாகும் என்ற அச்சம் நம் எழுத்தாளர்களிடம் உண்டு. இறைவேதமே அவ்வாறு மறைக்காதபோது நாம் எதற்காக மறைக்க வேண்டும்?

கனஃபானியின் கடிதம்

இனி இக்காலச் சிறுகதைக்கு வருவோம். பாலஸ்தீன எழுத்தாளர் ஃகஸ்ஸான் கனஃபானி 1936இல் அக்காவில் பிறந்தவர். 1972 ஜூலை 8 அன்று பெய்ரூட்டில் காரில் வைக்கப்பட்ட குண்டால் கொல்லப்பட்டவர். அவர் 1956இல் எழுதிய 'வரகத்துன் மின் ஃகஸ்ஸா' என்னும் சிறுகதை ஒரு கடிதமாக அமைந்தது. காஸாவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் கலிஃபோர்னியாவிலுள்ள தன் நண்பன் முஸ்தஃபாவுக்கு எழுதுகிறான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது; வாழ்நாள் கனவு கைக்கு எட்டிவிட்டது. ஆனால் நான் வரப்போவதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் கதை எதனால் நகரும்? ஏன் என்னும் வினாவால் நகர்கிறது. குவைத்தில் ஆசிரியப் பணி, விடுமுறைக்குக் காஸா வருகை, குடும்பத்தின் வறுமை, அவ்வூரைவிட்டு ஓடிவிட வேண்டும் என்னும் வேட்கை ஆகியவை விரைவாகச் சொல்லப்படுகின்றன. பிறகு ஒரே ஒரு காட்சி விரிகிறது. அண்ணன் மகள் நாதியா, பதின்மூன்று வயதுச் சிறுமி, மருத்துவமனையில் இருக்கிறாள். பழம் வாங்கிக்கொண்டு அவளைக் காணச் செல்கிறான். அவளுடைய காயத்தின் தன்மை அவனுக்குத் தெரியாது. அவளை மகிழ்விப்பதற்காக, அவள் கேட்டிருந்த சிவப்புக் காற்சட்டையை வாங்கி வந்திருப்பதாகச் சொல்கிறான். அது பொய், அவன் வாங்கவில்லை. அவள் தலை குனிகிறாள். பின் போர்வையை விலக்கித் தொடையோடு நீக்கப்பட்டிருக்கும் காலைக் காட்டுகிறாள்.

இக்காட்சியில் இஸ்ரவேலின் படைவீரர் ஒருவரும் இல்லை. குண்டு விழும் ஓசையும் இல்லை. தம்பி தங்கையரைக் காக்க அவர்கள்மேல் விழுந்து மூடியபோது அவள் காலை இழந்தாள் என்பது பின்னர்ச் சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. அவளும் ஓடித் தப்பியிருக்கலாம், ஓடவில்லை. அவனோ ஓடுவதற்குச் சீட்டு வைத்திருக்கிறான். ஒருவர் சொல்லாமலே இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன. சிறுமியின் துயரத்தைக் கனஃபானி இரங்கற்பாவாக ஆக்கவில்லை. இளைஞனின் தேர்வை நெருக்கும் கையாக ஆக்கியிருக்கிறார்.

அன்பினால் சொன்ன ஒரு பொய் காட்சியின் நடுவில் வைக்கப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். அறைக்குள் நுழைந்தபோது அவனிடம் இருந்த ஒன்று வெளியே வரும்போது இல்லை. நல்ல காட்சிக்கு இதனை உரைகல்லாகக் கொள்ளலாம். காட்சி முடிகையில் கதைமாந்தரிடம் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்: அறியாமையோ, நம்பிக்கையோ, தப்பிக்கும் வழியோ. எதுவும் மாறாத காட்சி, எத்துணை இரத்தம் சிந்தினாலும், வருணனையே.

மண்ட்டோவின் மலைச்சரிவு

ஸஆதத் ஹஸன் மண்ட்டோ (1912–1955) 1947க்குப் பிறகு லாகூரில் வாழ்ந்தவர். ராமாநுஜத்தின் மொழிபெயர்ப்பால் அவரது படைப்புகள் தமிழ் வாசகருக்கும் அறிமுகமாகியுள்ளன. காஷ்மீர்ப் போரைப் பற்றிய அவரது 'ஆகிரி சல்யூட்' கதையில் சுபேதார் ரப் நவாஸ் பாகிஸ்தான் படையில் இருக்கிறார். எதிர்ச்சரிவில் இந்தியப் படையில் இருப்பவர் ராம் சிங். இருவரும் ஒரே மண்ணைச் சேர்ந்த இளமைத் தோழர்கள். இரண்டாம் உலகப் போரில் ஒரே படைப்பிரிவில் நின்றவர்கள். இன்று ஒருவரையொருவர் குறிபார்த்து நிற்கிறார்கள்.

மண்ட்டோ காட்சிகளை அடுக்கும் முறை வியப்பூட்டுவது. முதலில் ரப் நவாஸின் மனக்குழப்பம்: நேற்று உடன் நின்றவரை இன்று எவ்வாறு பகைவராகக் காண்பது? அடுத்து, சரிவுகளுக்கிடையே வசைமொழிகள் பறக்கின்றன. அவ்வசையிலேயே ஒரு குரல் அறிமுகமான குரலாகிவிடுகிறது. பழைய கேலி திரும்புகிறது. தேநீர் போட்டுக்கொள்ள அனுமதி கேட்கும் அளவுக்கு நெருக்கம் வளர்கிறது. இருவரும் சிரிக்கிறார்கள், படிப்பவரும் சிரிக்கிறார். விளையாட்டாக ரப் நவாஸ் சுடும் ஒரு குண்டு ராம் சிங்கின் வயிற்றில் பாய்ந்துவிடுகிறது. சாகும் தறுவாயில், தங்கள் பழைய மேலதிகாரியான மேஜர் அஸ்லமைக் கண்டதும் ராம் சிங்கின் கை பழக்கத்தால் வணக்கத்திற்கு உயர்கிறது. அவர் இன்று எதிரணி என்பது நினைவுக்கு வருகையில் கை தளர்கிறது.

பகைமை முற்றி இக்கொலை நிகழவில்லை. நட்பு திரும்பியதால் நிகழ்கிறது. ஒவ்வொரு காட்சியும் இருவரையும் நெருக்கமாக்குகிறது. அந்நெருக்கமே துப்பாக்கியை விளையாட்டுப் பொருளாக்குகிறது. படிப்பவர் எதிர்பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையில் காட்சிகள் ஏறுகின்றன. போரின் பொருளற்ற தன்மையைப் பற்றி ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

மண்ட்டோ எந்தப் பக்கம் நின்று எழுதினார் என்பதும் கருதத்தக்கது. லாகூரில் இருந்துகொண்டு எழுதியவர், கொல்லும் கையைத் தம் நாட்டு சுபேதாரின் கையாகவே அமைத்தார். குண்டு எதிர்ச்சரிவிலிருந்து வந்திருந்தால் கதை ஒரு குற்றச்சாட்டாக முடிந்திருக்கும். தம் தரப்பிலிருந்து சென்றதால் அது சாட்சியமாகியது.

ரஞ்சன்குடியில் ஒரு கதை

உலகத்துப் போர்களை எழுதும் நம் இளைஞர்கள் அன்றாடம் பேருந்தில் கடந்து செல்லும் ஒரு போர்க்களத்தை நோக்குவதில்லை. பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையின் அருகே நிற்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. அதனை ஒட்டிய வாலிகண்டபுரம் 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் ஆட்சியின்கீழ் ஷேர் கான் லோடி ஆளுநராக இருந்த இடம். 1751இல் இங்கு நிகழ்ந்ததை ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் 'வால்கொண்டா' என்று குறிப்பிடுவது இவ்விடமே.

அக்காலம் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இருவர் போட்டியிட்ட காலம். 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முஹம்மது அலி திருச்சியில் இருந்தார். ஆங்கிலேயர் அவருக்குத் துணை. எதிரே சந்தா சாஹிப். பிரெஞ்சுக்காரர் அவருக்குத் துணை. இரு படைகளும் வாலிகண்டபுரத்தின் அருகே வந்து நின்றன. இரு தரப்பும் கோட்டைத் தலைவரிடம் கோட்டையைக் கேட்டன. அவரோ இருவருக்கும் பிடிகொடுக்காமல் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் நாளைக் கடத்தினார். வெல்பவருக்கே கோட்டை என்பது அவர் நிலை. பொறுமையிழந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜிஞ்சன் ஒரு மாலையில் தாக்கினார். கோட்டையின் அடியிலிருந்த பேட்டை எரிந்தது. பாறைமேலிருந்த கோட்டை வீழவில்லை. சினமடைந்த கோட்டைத் தலைவர் சந்தா சாஹிபை அழைத்துக்கொண்டார். மறுநாட் போரில் ஆங்கிலேய வீரர்கள் கலைந்தனர். முஹம்மது அலியின் சகோதரர் அப்துல் வஹ்ஹாப் கான் அவர்களைக் கடிந்துகொண்டதாக ஓர்ம் எழுதுகிறார். அவர்கள் ஊட்டத்தூருக்கும் பின்னர்த் திருச்சிக்கும் பின்வாங்கினர்.

இதனைச் சிறுகதையாக்க முனைபவர் முதலில் எதை எழுதுவார்? ஆர்க்காட்டு வாரிசுச் சண்டையை இரண்டு பக்கம் எழுதுவார். பிறகு பீரங்கிகளை முழங்கவிடுவார். அவ்வாறு எழுதினால் அது பாடநூலின் ஒரு பக்கமாகும். நமது நோக்கில் இக்கதையின் முரண் கோட்டைச் சாவியில் இருக்கிறது. சாவியை வைத்திருப்பவர் இரு பக்கமும் சாராமல் காத்திருந்தால் தாமும் தம் மக்களும் தப்பலாம் என்று எண்ணுகிறார். அந்த எண்ணம் எவ்வாறு எரிகிறது என்பதே கதை.

காட்சிகளை இவ்வாறு அடுக்கிப் பார்க்கலாம். முதற் காட்சியில் முஹம்மது அலி தரப்பின் தூதர் வருகிறார். கோட்டைத் தலைவர் இனிய சொற்களால் பாதி வாக்குறுதி தருகிறார், நாள்களைப் பெறுகிறார். ஆம்பூரில் நடந்ததை இத்தூதர் தம் வாயால், தம் தேவைக்காகச் சொல்வார். வரலாற்று முன்னுரைக்குத் தனி இடம் வேண்டாம். இரண்டாம் காட்சியில் சந்தா சாஹிபின் தூதர் வருகிறார். முதற் காட்சியே மீண்டும் வந்தால் கதை நின்றுவிடும். இப்போது அவரிடம் ஏற்கெனவே ஒரு பாதி வாக்கு இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு இன்னொரு பாதி வாக்கைத் தருகிறார். முதற் காட்சியில் காலம் கடத்தியவர் இரண்டாம் காட்சியில் பொய்யராகிவிட்டார்.

மூன்றாவது காட்சி வரலாற்று நூலில் இல்லை. அதனைப் படைப்பவரே கதையாசிரியர். பேட்டையிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார். பெண்டு பிள்ளைகளையும் தானியத்தையும் கோட்டைக்குள் கொண்டுவரலாமா என்று கேட்கிறார். சரி என்றால், கோட்டை தாக்குதலை எதிர்பார்க்கிறது என்பதை இரு படைகளும் அறிந்துகொள்ளும். இரண்டு வாக்குகளும் குலையும். வேண்டாம் என்றால் பேட்டை வெட்டவெளியில் நிற்கும். அஞ்ச ஒன்றுமில்லை என்று சொல்லி அவரை அனுப்பிவைக்கிறார் தலைவர். அரசியலுக்காகச் சொன்ன பொய்கள் இப்போது தம்மை நம்பியவரிடமும் வந்துவிட்டன. கதையின் உச்சம் நமது கருத்தில் இதுவே. தீ இதற்குப் பின் வருவது. நான்காம் காட்சியில் பேட்டை எரிகிறது. மக்கள் கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் திறந்தால் மக்களோடு படையும் நுழையலாம். சாவி அவர் கையில் இருக்கிறது. கதையை இங்கே நிறுத்திவிடலாம். மறுநாட் போரை எழுதத் தேவையில்லை.

இதில் இரு தரப்புத் தலைவர்களும் முஸ்லிம்கள். இருவர் பின்னாலும் அந்நியப் பீரங்கிகள். நம் தரப்பு எது என்று சொல்ல இயலாத போர் இது. அணி பிரித்துப் புகழ்வதற்கு இடமில்லாதபோது எழுத்தாளர் மனிதரை நோக்கித் திரும்பியே ஆக வேண்டும். அதனால்தான் எழுதக் கற்போர்க்கு இது நல்ல பயிற்சிக்களம் என்கிறோம். கோட்டைத் தலைவரின் தயக்கத்தை நம் காலத்துப் பெரியவர் பலரிடம் காண முடியும் என்பதைப் படிப்போரே உணர்ந்துகொள்வர்.

காலமும் தொலைவும்

காட்சியமைப்பில் காலத்தின் இடத்தையும் குறிப்பிட வேண்டும். சிறுகதை ஓர் எல்லைக்குட்பட்ட காலத்தை நாடும். இலங்கையில் 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் ஆணையிட்டபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த வெளியேற்றத்தின் அரசியல் காரணங்களை விளக்க ஒரு நூல் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஒரு வீட்டுக்குள் என்ன நிகழ்ந்தது என்பதைச் சொல்ல ஒரு சிறுகதை போதும். எதை எடுப்பது, எதை விடுவது, நடக்க இயலாத முதியவரை எவ்வாறு கொண்டுசெல்வது, அடுத்த வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் சாவியைக் கொடுப்பதா கொடுக்காமற் போவதா? அச்சாவியைக் கொடுக்கும் கையிலும் வாங்கும் கையிலும் உள்ள நடுக்கத்தை எழுத முடிந்தால், துப்பாக்கி ஏந்தியவர் கதவுக்கு வெளியே இருந்தாலே போதும்.

தொலைவிலிருந்து எழுதுவோர்க்கு ஓர் இடர் உண்டு. காஸாவின் தெருவை நாம் நடந்து கண்டதில்லை. படங்களில் கண்டவற்றையே எழுதினால் படங்களைத்தான் எழுதுவோம். அவ்வாறாயின் எழுதக் கூடாதா எனில், எழுதலாம்; தாம் நிற்கும் இடத்திலிருந்து எழுத வேண்டும். வளைகுடாவில் பணிபுரியும் நம் ஊர் இளைஞர் ஒருவர், உடன் பணிபுரியும் பாலஸ்தீனத் தோழரின் கைப்பேசி ஒலிக்கும்போது அதை எடுத்து அவரிடம் கொடுப்பதா, உணவு முடியட்டும் என்று காத்திருப்பதா என்று தடுமாறினால், அதுவும் போர்க்காலச் சிறுகதையே. அத்தடுமாற்றத்தை அவர் அறிவார். ஆகவே அவர் சாட்சி செல்லும்.

ஒரு மறுப்பு

ஆயிரக்கணக்கில் குழந்தைகள் மடியும்போது காட்சி, முரண், அமைப்பு என்று பேசிக்கொண்டிருப்பது இரக்கமற்ற செயல் அன்றோ என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. அழுவதற்கு இலக்கணம் தேவையில்லை. துஆச் செய்வதற்கும் உதவி அனுப்புவதற்கும் கதை தேவையில்லை. ஆனால் கதை எழுத அமர்ந்தவர் சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டார். எல்லாரும் அறிந்ததையே உரத்த குரலில் திரும்பச் சொல்லும் சாட்சியை மன்றம் கேட்டுக்கொள்ளும். அவரால் ஒருவர் மனமும் மாறாது. தம் தரப்புக்கு இடையூறாக இருப்பதையும் மறைக்காமல் சொல்லும் சாட்சியின் பிற சொற்களும் நம்பப்படும். மாண்டவர்களுக்கு நாம் செலுத்தும் கடன், நம்பத்தக்க சாட்சியாக இருப்பது.

காலை இழந்த சிறுமிக்காகக் கனஃபானி ஒரு முழக்கத்தையும் எழுப்பவில்லை. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கடந்தும் நாதியாவின் கட்டிலருகே படிப்பவர் நின்றுகொண்டிருக்கிறார். அக்கதை எழுதப்பட்ட காலத்தில் எழுந்த முழக்கங்கள் எவை என்பதைத் தேடித்தான் அறிய வேண்டியிருக்கிறது. நம் இளைஞர்கள் அடுத்த போர்க்கதையை எழுதுமுன் அதன் முதல் வரியிலுள்ள விமானத்தைச் சற்றே தள்ளி நிறுத்திவிட்டு, கீழே நிற்பவரின் கையில் என்ன சாவி இருக்கிறது, அதனை அவர் யாருக்குத் திறக்க அஞ்சுகிறார் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளட்டும். அதன் பிறகு காட்சிகள் தாமே ஒன்றையொன்று அழைத்து வரும்.